ராஜ்மா ஜெயித்த சனிக்கிழமைகள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், புனேயில் ஔந்த் பக்கம் ஒரே ஃபிளாட்டில் நான்கு தமிழ்ப் பையன்கள் இருந்தோம். சனிக்கிழமை மதியமானால் போக்கர் சீட்டாட்டம். பணத்துக்குப் பதில் ராஜ்மாப் பயறைப் பந்தயம் வைப்போம். அதிகம் ஜெயித்தவன் அதை ஊறவைத்து ஞாயிறன்று எல்லோருக்கும் சமைக்க வேண்டும். அதை நான் ஒரு கௌரவமாகவே நினைத்தேன்.

நடுவில் ஏழெட்டு ராஜ்மாதான் கிடக்கும். கையில் உருப்படியான சீட்டே இல்லாமல், முகத்தை இறுக்கிக்கொண்டு இருபதைத் தள்ளுவேன். மூவரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்கள்; குவியல் எனக்கு. என்னைக் கண்டு பயம் என்று இரண்டு வருடம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். எல்லா ஆட்டத்தையும் விட்டுக்கொடுத்தேன். மூவரும் பதறிப்போனார்கள்.

"டேய், அப்ப நாளைக்கு யார்றா சமைக்கிறது?"

படுபாவிகள்! இப்போது கூப்பிட்டாலும் போய்ச் சமைத்துப் போடுவேன்.