பழைய கேஸ் உண்டா?

லாரி ஆபீஸில் ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: லைசென்ஸைக் கேட்டால் டிரைவர் சட்டைப் பையிலிருந்து சட்டென்று எடுத்துத் தருவார், பழைய கேஸ் உண்டா என்று கேட்டால் குடிக்கத் தண்ணீர் கேட்பார்.

எங்கள் ஆபீஸ் தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. பாவூர்சத்திரத்துக் காய்கறி, சிமெண்டு, வைக்கோல் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டிகள் புளியரை வழியாக மலை ஏறி, புனலூர், கொல்லம் போய்விட்டு மறுநாள் திரும்பிவிடும். வாசலில் நாள் முழுக்க ஹாரன் சத்தம்தான். வந்த புதிதில் ஒவ்வொரு ஹாரனுக்கும் நிமிர்ந்து பார்த்தேன். அப்படிப் பார்த்தால் ஒரு வேலையும் நடக்காது என்று முதலாளி சொன்னார், விட்டுவிட்டேன்.

முதலாளியை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவரும் ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவர். ஆள் எடுப்பதில் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் இருந்தால் வேலை கிடையாது. மற்றபடி வேகம், பெல்ட், அதிக பாரம், எது இருந்தாலும் பரவாயில்லை, வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். ஒளித்தது தெரிந்தால் வாசலோடு சரி. அவர் கேட்பார், டிரைவர் சொல்வார், நான் கம்ப்யூட்டரில் லைசென்ஸ் நம்பரைப் போட்டு, சொன்னது சரிதானா என்று பார்ப்பேன். பொய்யைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷமும் உண்டு, அதை மறைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் டிரைவர்தான். வடக்கே ஓடும் ஒரு கம்பெனியில் கண்டெய்னர் ஓட்டுகிறார். அவர் வீட்டுக்கு வருவது ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா வருவது மாதிரி, எப்போதாவதுதான். இங்கே ஒரு இடம் காலியானால் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இடம் காலியாகும்போதெல்லாம் அவர் எங்கேயோ வடக்கே இருப்பார். அண்ணாச்சியோ, ஆள் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் பேசுவார். அதனால் என் வீட்டுக்காரருக்கு என்று நினைத்த இடங்களில் மற்ற டிரைவர்களை நானே விசாரித்து ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கேமரா எடுத்த படம்

கீழப்பாவூரிலிருந்து ஒருவர் வந்தார். நெற்றி நிறைய நாமம், கையில் கோயில் கயிறு. வண்டியைச் சாமி அறை மாதிரி வைத்திருப்பேன் என்றார். கேஸ் என்ற பேச்சே தன் பரம்பரையில் கிடையாது என்றார். தண்ணீரும் கேட்கவில்லை. நானே நம்பிவிட்டேன்.

நம்பரைப் போட்டால், வேகமாகப் போனதற்கு வரிசையாக அபராதம். எல்லாம் மதுரை ரோட்டில் ஒரே கேமராவில். ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன். ஒரு படத்தில் முன் கண்ணாடி வழியாக நாமம்கூடத் தெரிந்தது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஆளு வந்து மறிச்சாத்தான மேடம் கேஸு? இது அதுபாட்டுக்குப் போட்டோல்லா எடுத்திருக்கு. நான் எங்க மாட்டுனேன்?" என்றார்.

வெளிநாட்டுச் சிக்னல்

தென்காசிக்காரரான ஒரு பாய் வந்தார். வளைகுடா நாட்டில் பல வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அண்ணாச்சி கேட்டதும், ஒன்று உண்டு, சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டேன், அந்த ஊரில் அது பெரிய குற்றம், உள்ளே வைத்துவிட்டார்கள் என்றார். வெளிநாட்டுக் கேஸ் நமக்குத் தேவையில்லை என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். நானும் நம்பரைப் போட்டுப் பார்த்தேன், இங்கே சுத்தமாக இருந்தது. வேலை கிடைத்தாயிற்று, அவர் கிளம்பலாம்.

ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்தச் சிக்னலில் நிற்கும்போதுதான் ஊரிலிருந்து போன் வந்ததாம், மகள் பிறந்திருக்கிறாள் என்று. பின்னாலேயே குழந்தை அழும் சத்தமும் கேட்டதாம். கால் தானாக மிதித்துவிட்டது. நேரே போனால் தென்காசி வந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ என்று சிரித்தார். அந்தப் பிள்ளையை அவர் முதன்முதலாகப் பார்த்தபோது அது நடக்கவே ஆரம்பித்துவிட்டதாம். இவரைக் கண்டு கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதாம்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பாய் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "கணக்குல சேக்கணும்னு சொல்லல அண்ணாச்சி. அந்தச் சிக்னல ஏன் தாண்டுனன்னு இத்தன வருசத்துல ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல. நீங்கதான் கேஸு உண்டான்னாவது கேட்டிய."

சாவி வேண்டாம்

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார், குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் உண்டு என்று. ரொம்பப் பழையது. லைசென்ஸைக் கொஞ்ச காலம் முடக்கி வைத்திருந்தார்கள், அன்றோடு குடியை விட்டுவிட்டேன், பிறகு ஓட்ட யாரும் கூப்பிடவில்லை, இப்போது பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்றார். நம்பரைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கேஸ் கம்ப்யூட்டரில் வரவே இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அண்ணாச்சி ரொம்ப நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, என் சட்டம் அப்படி, மன்னித்துக்கொள்ளும் என்றார். அந்த மனுஷர் கெஞ்சவில்லை. வாசலில் நின்று, பாரம் ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிய வண்டியைப் பார்த்தார், அதற்குப் பின்னால் மேகம் மூடிய மலையைப் பார்த்தார். திரும்பி வந்து, "சாவி வேண்டாம் அண்ணாச்சி. ஒரு நிமிசம் உள்ள ஏறி ஸ்டியரிங்கைப் பிடிச்சி உக்காந்துட்டு எறங்கிருதேன்" என்றார்.

கூட வந்த மைனி

இலஞ்சியிலிருந்து வந்த ஒரு டிரைவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார், எங்கள் வழக்கப்படி எனக்கு மைனி, அதாவது அண்ணன் மனைவி முறை. கூட்டிக்கொண்டு வந்தது யார் யாரை என்பது உட்கார்ந்தவுடன் தெரிந்துவிட்டது. பெல்ட் போடாத கேஸ் ஒன்று உண்டு என்று அவர் ஆரம்பித்தார். பாலக்காட்டில் பாரம் கூடிப்போனதை அந்த மைனி எடுத்துக் கொடுத்தார். கோவில்பட்டியில் போன் பேசிக்கொண்டே ஓட்டியதையும் சொன்னார். பேசியது யாரோடு என்று அண்ணாச்சி கேட்க, என்னோடுதான் என்றார். நான் கண்டுபிடிக்க அவர் ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. டிரைவர் பாவம், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

எப்படி இவ்வளவு ஞாபகம் என்று கேட்டேன். எந்த ஊரில் மறித்தாலும், போலீஸ்காரர் நகர்வதற்குள் தனக்கு போன் வந்துவிடும் என்றார். எனக்கு வயிறு எரிந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கட்டின புருஷனை இப்படிக் காட்டிக்கொடுக்கலாமா என்று அண்ணாச்சி கிண்டல் செய்தார். "மறச்சி வேல வாங்கி என்ன செய்ய அண்ணாச்சி? கேஸ எல்லாம் நான் சொல்லிட்டேன். ஆள மட்டும் மறுநாளு வீட்டுக்கு அனுப்பிருங்க."

என் போனுக்கு வரும் தகவல்

என் வீட்டுக்காரர் சிம் கார்டைத் தொலைப்பதில் கெட்டிக்காரர். அதனால் லைசென்ஸைப் புதுப்பித்தபோது என் நம்பரைக் கொடுத்திருந்தோம். அதன் பலனாக, வடக்கே எந்தப் போலீஸ்காரர் அவர் லைசென்ஸை மெஷினில் போட்டாலும் தென்காசியில் என் போன் டிங் என்னும். திறந்தால் ஊரும் குற்றமும் தெரியும். அவராகப் பேசுவது அபூர்வம். டவர் இல்லை, சார்ஜ் இல்லை, கை ஒழியவில்லை. மெஷின் மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிடும். அபராதமா என்று ஒரு மனசு திட்டும், இன்றைக்கு நாக்பூரில் நல்லபடியாக இருக்கிறார் என்று இன்னொரு மனசு ஆறும். அந்த ஊர்களை மகள் மேப்பில் தேடிப் பார்ப்பாள். பெல்ட் போடவில்லை என்று வந்தால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். பல நாள் ஒன்றுமே வராதபோது, யாராவது அவரை ஒரு தடவை மறிக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். டிரைவர் வீட்டுப் பெண்கள் இதைப் படித்துச் சிரிக்க மாட்டார்கள்.

போன சாரல் சீசனில் ஒரு சனிக்கிழமை அப்படி ஒன்று வந்தது. குற்றாலம் போகும் வேன்களும் கார்களும் தென்காசியை அடைத்துக்கொண்டிருந்த நேரம். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது என்று இருந்தது. இடம், குத்துக்கல்வலசை. எங்கள் வீடு குத்துக்கல்வலசையில்தான். அதுவும் போட்டிருந்தது எங்கள் தெரு முக்கு. அபராதம் போட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் தகவல் வந்திருந்தது, இருந்தாலும் பெர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினேன். மகள் மட்டும் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வரவில்லையே என்றாள்.

அடுத்த வாரம் சோலாப்பூரிலிருந்து பேசினார். சாரல் எப்படி, அருவியில் தண்ணீர் நிறைய விழுகிறதா என்று கேட்டார். தெரு முக்கு வரை வந்ததைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, தாங்க முடியாத பதில் ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். பக்கத்து மேஜையில் பில் போடும் சரசு அக்காவிடம் மட்டும் சொல்லி அழுதேன். "மத்தவளுவளுக்குப் புருசன் எங்க இருக்காகன்னு தெரியாமக் கவல. ஒனக்குத் தெரிஞ்சில்லா கவல" என்றார் அக்கா.

மேடம் என்றவர்

தை மாதம் கொல்லம் லைனில் ஓர் இடம் காலியாயிற்று. பொங்கலுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரரை அண்ணாச்சி வரச் சொன்னார். என்னையும் தனியாகக் கூப்பிட்டு, உன் புருஷன் என்றாலும் சட்டம் ஒன்றுதான், ஒரு கேஸை ஒளித்தாலும் ஆள் வெளியே, சரிபார்த்துச் சொல்ல வேண்டியது நீதான் என்று சொல்லிவிட்டார். அந்த லைசென்ஸை நான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவர் என்னைப் பார்த்து வணக்கம் மேடம் என்றார். சரசு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சி கேட்டதும் வரிசையாகச் சொன்னார். நாக்பூரில் பெல்ட், விஜயவாடாவில் வேகம், சூரத்தில் தவறான வழி. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். அவர் சொன்ன ஒவ்வொரு ஊரும் நான் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கிய ஊர். அவ்வளவுதானா வே என்று அண்ணாச்சி கேட்டார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். வேலை போனாலும் போகட்டும், இதை மட்டும் ஒளித்துவிடாதீர்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன். குடித்து முடித்துவிட்டு, இன்னொன்று உண்டு, சாரல் சமயத்தில், எங்கள் தெரு முக்கிலேயே என்றார். வீட்டுக்குப் போகத்தானே நிறுத்தினீர் என்று அண்ணாச்சி சிரித்தார். போகவில்லை என்றார் இவர். கொல்லத்தில் சரக்கு இறக்கும் நேரம் நெருங்கிவிட்டதாம். மகள் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாளாம். இறங்கினால் ஓடிவருவாள், வந்த கையோடு அவளை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு முந்திய தடவை அப்படிக் கிளம்பியபோது அவள் டயருக்கு முன்னால் நின்றுகொண்டு வழிவிடாமல் அழுதது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டும்வரை உள்ளே இருந்தே அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் என் வேலையை மறந்து, ஆபீஸில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். பிள்ளையைப் பார்த்தீர்கள் சரி, கொல்லத்துக்குப் போகிற வண்டி இந்த ஆபீஸ் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும், என்னைப் பார்க்கத் தோன்றவில்லையா என்று. அவர் டம்ளரை மேஜையில் வைத்தார்.

"அதுக்குக் கேஸ் போடல மேடம், அதான் சொல்லல. ஒங்க ஆபீஸத் தாண்டுத மட்டும் ஹாரன் அடிச்சிக்கிட்டேதான் போனேன். நீ நிமுந்தே பாக்கல, ஏட்டி."

அண்ணாச்சி அப்போதே வேலை கொடுத்துவிட்டார். பழைய கம்பெனிக்குக் கடைசியாக ஒரு லோடு இறக்கிவிட்டு, வண்டியை ஒப்படைத்துவிட்டு வர அவர் வடக்கே போயிருக்கிறார். மகளிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனவர் பெல்ட்டை ஒழுங்காகப் போடுகிறார் போலிருக்கிறது, என் போனுக்கு ஒரு தகவலும் வரவில்லை.

ஆக, என்னோடு சேர்ந்து இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, டிரைவர்கள் ஒளித்ததையெல்லாம் தோண்டி எடுத்த நான், எனக்காக அடித்த ஒரு ஹாரனைக் கேட்காமல் விட்ட குற்றத்துக்காக, இப்போது கோழி வண்டி ஹாரனுக்குக்கூட நிமிர்ந்து பார்த்து ஆபீஸில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன்.