சாக அனுமதி கிடைக்காத மலையேறி

எண்பதுகளின் தொடக்கத்தில், மலையேறும் ஆங்கிலப் படம் எது வந்தாலும் மலேசியாவில் எங்கள் ஈப்போ தியேட்டரில் முதல் காட்சிக்கு நான் போய்விடுவேன். 'உண்மைக் கதை' என்று எழுத்து ஓடும். பிறகு ஒருவன் வீரமாகச் சாவான், ஒருவன் கயிற்றை அறுத்துவிட்டு ஓடுவான். ஓடியவன் நிஜத்திலும் ஓடினானா, பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பார்த்தால் அவனுக்குச் சோறு இறங்குமா? இதையெல்லாம் என்னை யோசிக்க வைத்தது எங்கள் பேட்டை சிலிபினில் நாங்களே எடுத்த படம்தான்.

என் அத்தை மகனும் அவன் கூட்டாளியும் தைப்பிங் மலைக்குப் போய், மழையில் வழிதவறி, ஒருவழியாக இறங்கி வந்தார்கள். கூட்டாளிக்குக் கால் சுளுக்கு. "முதுகுல தூக்கிட்டே எறங்குனேன் மச்சான்" என்று அத்தை மகன் சிலிபின் முழுக்கச் சொல்லிவிட்டான். அப்போது பீடோரில் அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர், இதைப் படமாக எடுத்துத் தீபாவளி விருந்தில் போடலாம் என்றார். பெண் வீட்டாரும் விருந்துக்கு வருகிறார்கள். அத்தை மகனுக்குத் தலைகால் புரியவில்லை. வசனம் எழுதியது நான்.

பழைய ஈயச் சுரங்கத்து வெள்ளை மணல்மேடுதான் பனிமலை. தைப்பிங்கில் ஏது பனி என்று கேட்டேன்.

"மழைய தினமும் பாக்குறாங்க லா. பனி வேணும்" என்றார் அண்ணன்.

கதைப்படி கூட்டாளியைக் காப்பாற்றிவிட்டு அத்தை மகன் சாக வேண்டும். ஆசையோடு மணலில் சாய்ந்தான். அத்தை குடையோடு ஓடி வந்தார்.

"பொண்ணு பேசுற நேரத்துல எம்புள்ளைய சாகடிக்கிறியா? எந்திரிடா!"

"அக்கா, இது நடிப்பு லா."

"நடிப்புதானே, நீ சாவு!"

"நான் செத்தா கேமரா யாருக்கா புடிக்கிறது?"

கூட்டாளி கையைத் தூக்கினான். "நான் சாகுறேண்ணே. எங்க வீட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

மூன்று தடவை செத்தான். மூன்றும் நன்றாக இருந்ததால் அண்ணன் மூன்றையும் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான்?" என்றான் அத்தை மகன்.

"அவன் செத்து நீ உசுரோட வந்தா, விட்டுட்டு ஓடுனதாதானே அர்த்தம்? ஓடு."

"நான் தூக்கிட்டு வந்தேண்ணே!"

"தூக்கிட்டு வந்தா அவன் எப்படி சாவான்?"

"ஓடட்டும்," என்றார் அத்தை. "உசுரோட ஓடட்டும்."

விருந்தன்று டிவியில் அவன் ஓடினான். மண்டபமே ஊளையிட்டது. முன்வரிசையில் இருந்த பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டார். அத்தை மகன் டிவிக்கு முன்னால் பாய்ந்தான்.

"பொய்! நெசத்துல நான்தான் இவன தூக்கிட்டு வந்தேன். இவனையே கேளுங்க!"

பெண்ணின் அப்பா கூட்டாளியைப் பார்த்தார். "அப்படியா தம்பி?"

கூட்டாளி வாயிலிருந்த முறுக்கை விழுங்கினான். "ஆமா அங்கிள். கொஞ்ச தூரம். அப்புறம் தன் கால்ல அட்டைப்பூச்சி தொங்குறத பாத்து மயங்கி விழுந்துட்டான். மிச்ச வழி நான்தான் நொண்டிக்கிட்டே இவன தூக்கிட்டு வந்தேன்."

படம்தான் புளுகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அத்தை மகன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

பெண்ணின் அப்பா பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

"இப்படி வந்து உக்காருங்க தம்பி," என்றார் கூட்டாளியிடம். "எங்க வேலை செய்றீங்க?"