நகை இல்லையே, அர்ணாக்கொடிதானே!

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் என் கணவருக்குக் கல்லீரலில் சின்னக் கட்டி. வயிற்றைக் கிழிக்காமல், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி, அதில் கரண்ட் பாய்ச்சிக் கட்டியைச் சுட்டுவிடலாம் என்றார் டாக்டர்.

அன்று காலை, "நகையெல்லாம் கழட்டியாச்சா?" என்று நர்ஸ் கேட்டார். மோதிரமும் செயினும் என் கைப்பையில் இருந்தன. "ஆச்சும்மா" என்றேன்.

அவரை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வேகமாக வெளியே வந்தார். கையில் என் கணவரின் வெள்ளி அர்ணாக்கொடி.

"ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன்ல இடுப்பைச் சுத்தி வெள்ளையா கோடு தெரிஞ்சிச்சு. அப்படியே கரண்ட் வச்சிருந்தா இது சூடேறித் தோலு வெந்திருக்கும். கேட்டா, 'நகையைத்தானே கேட்டீங்க, இது அர்ணாக்கொடியாச்சே'ங்கறாரு!"

எனக்கும் அது நகையாகத் தோன்றியதே இல்லை. அவர் உடம்போடு ஒன்றாகிப்போன பொருள்.

கட்டியைச் சுட்டாகிவிட்டது, அவர் நலம். இடுப்பில் இப்போது கறுப்புக் கயிறுதான். எங்கள் தெருவில் யார் ஸ்கேனுக்குப் போனாலும் மெட்டி, தாயத்து, அர்ணாக்கொடி என்று பேர் சொல்லியே கேட்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "நகையெல்லாம் கழட்டிட்டேன், போடி" என்று சிரித்தார்.

"மெட்டி?" என்றேன்.

சட்டென்று குனிந்து காலைப் பார்த்தார்.

– ஒரு வாசகி, புதுச்சேரி