வயிற்று வலிக்கு ஓர் அறை

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மகள் மறுபடியும் வயிற்று வலி என்று படுத்துவிட்டாள். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லியாயிற்று. அதட்டுவதா, கெஞ்சுவதா என்று தெரியாமல் ஓமத் திரவப் பாட்டிலைத் திறந்தேன். அந்தக் காரமான வாசனையில், சோமனூரில் நான் எட்டாவது படித்த பள்ளியின் நோயறை வந்து நின்றது.

இன்று அது கம்ப்யூட்டர் லேப். அப்போது ஒரு கயிற்றுக் கட்டிலும், தண்ணீர்ப் பானையும், சுவருக்கு அப்பால் ஓயாமல் அடிக்கும் விசைத்தறிச் சத்தமும்தான். அழுவதற்கென்று யாரும் வகுப்பிலிருந்து அனுப்பமாட்டார்கள் என்பதால், வீட்டில் சண்டை போட்டு வந்தவளும், தோழி பேசாமல் விட்டவளும், கணக்குக்குப் பயந்தவளும் வயிற்று வலி என்றே சொல்லிக்கொண்டு அங்கே போவோம். பள்ளி ஆயா எல்லோருக்கும் ஓமத் திரவம்தான் ஊற்றுவார்.

"உனக்குமா அம்மணி? கணக்கு டீச்சர் வந்தாலே ஊருக்கே வயிறு வலிக்குமாட்டம் இருக்குது. குடிச்சுப்போட்டுப் படு கண்ணு."

அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டார். தறிச் சத்தத்தில் நம் அழுகை யாருக்கும் கேட்காது. அதனாலேயே நன்றாக அழுது முடித்துவிடலாம்.

நானும் எதுவும் கேட்காமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதுவும் தப்போ, பள்ளிக்குப் போன் செய்திருக்க வேண்டுமோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஓமத் திரவத்தைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"மத்தியானம் யாரும் என்கூட உக்காந்து சாப்புடறதில்லீங்மா."

கேட்க வேதனையாகத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை வாரமாகக் காரணம் தெரியாமல் நான் பட்ட தவிப்பு தீர்ந்தது.

"நவுந்து படு சாமி," என்றேன். நானும் படுக்க இடம் விட்டாள்.