கல்யாண ஆல்பத்தில் அம்மா எந்தப் பக்கம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அக்கா மகள் மாலினியின் கல்யாண ஆல்பத்தைப் பார்க்க, மலை மேல் இருக்கும் அக்காவின் எஸ்டேட் லயத்து வீட்டில் உட்கார்ந்தோம். மாலினி, நான், மாலினியின் அம்மாவான என் லெட்சுமி அக்கா. மூன்றே பேர்.

ஆல்பம் என்றால் அச்சடித்த ஆல்பம் அல்ல. அச்சுக்குப் போகும் முன் "சரியா இருக்கா, பாத்து சொல்லுங்க" என்று ஸ்டூடியோவிலிருந்து அனுப்பி வைப்பார்களே... அது. மாலினி லேப்டாப்பில் ஒவ்வொரு பக்கமாக நகர்த்திக்கொண்டே போனாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை என்றால் வேலை, அப்படி ஒரு வேலை!

மலைக்குக் கீழே தாப்பா டவுனில் இருக்கும் ஸ்டூடியோ அது. ஷர்மிளா என்ற பெண்தான் ஆல்பத்தை உருவாக்குகிறாள். கல்யாணத்துக்கு அவள் வரவே இல்லை. போட்டோகிராபர் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளிய படங்கள் அவள் கம்ப்யூட்டருக்குப் போகும். அதிலிருந்து பொறுக்கி, அடுக்கி, முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்கு ஒரு கதை செய்து தருவாள்.

எப்படித்தான் செய்கிறாளோ! ஒரு பக்கத்தில் மாலினி கன்னத்தில் நலுங்கு மஞ்சள். எதிர்ப் பக்கத்தில் அதே மஞ்சள் ஒட்டிய யாரோ ஒரு சித்தியின் விரல். கல்யாணத்தன்று காலை நல்ல மழை. கோயில் முன் திடலில் வாடகைக்குக் கெமா, அதாவது கூடாரம், போட்டிருந்தோம். மேளச் சத்தம் ஒரு பக்கம், கூடாரத்துக் கித்தானில் மழை கொட்டும் சத்தம் ஒரு பக்கம். சேறும் சகதியுமாக நாங்கள் பட்ட பாட்டை, ஷர்மிளா ஏதோ ஆகாயமே பன்னீர் தெளித்த மாதிரி ஆக்கியிருந்தாள். என் தொப்பையைக்கூட ஒரு பூமாலைக்குப் பின்னால் மறைத்துவிட்டாள். ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்படி நான் மனதுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பக்கம் வந்தது.

இரண்டு பக்கம் நிறைய ஒரே முகம். கன்னத்தில் வழியும் கண்ணீர், துடிக்கும் உதடு. மேலே அழகான எழுத்தில்: 'அம்மாவின் ஆனந்தக் கண்ணீர்'.

அற்புதமான படம். ஒரே ஒரு சிக்கல்தான். அது அம்மா இல்லை. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா!

மாலினி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். அக்கா திரையைப் பார்த்தபடியே, "சரோஜா நல்லா வந்திருக்கா லா," என்றார். பிறகு தேத்தண்ணி போட எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஷர்மிளா மேல் தப்பு சொல்ல முடியாது. "எங்கம்மாவுக்குத் தனியா ரெண்டு பக்கம் வேணும்" என்று சொன்ன மாலினி, அம்மா யார் என்று காட்ட மறந்துவிட்டாள். மாலினியின் அப்பா காலமாகி வெகுகாலம் ஆகிறது. தாரை வார்த்துக் கொடுத்தது நானும் என் மனைவியும். சடங்கு எதிலும் அக்கா உட்காரவில்லை. யாரையும் தெரியாத ஒரு பெண், அழுகிற முகங்களில் எது உண்மையாக அழுகிறதோ அதுதான் அம்மா என்று முடிவு கட்டிவிட்டாள். நியாயம்தானே?

ஆனால் மாலினிக்கு வலித்தது வேறொன்று.

"மாமா," என்றாள் மெதுவாக. "தாலி கட்டறப்ப எம் பக்கத்துல நில்லும்மான்னு எவ்ளோ கெஞ்சுனேன், தெரியுமா? சம்பந்தி வீட்டுல ஏதாச்சும் நெனப்பாங்க, வேணாம்னுச்சு. சரி, பின்னாடியாச்சும் நில்லுன்னேன். கண்டிப்பா நிக்கிறேன்னு சொல்லிச்சு. தாலி ஏறுனதும் திரும்பிப் பாத்தேன் மாமா... இல்ல."

"கேட்டியா?"

"கேட்டேன். வேலையா இருந்தேன்னு சொல்லிருச்சு."

புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று யார் எழுதி வைத்தார்களோ, அவர்கள் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அக்கா கடைசி நேரத்தில் அதற்குப் பயந்து ஒதுங்கிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த நாளே மாலினியும் நானும் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கினோம். விஷயத்தைச் சொன்னதும் ஷர்மிளாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சாரி லா அங்கிள், சாரி," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அந்தப் பக்கத்த மாத்திக்கலாம், சிஸ்டர்," என்றாள் மாலினி. "எனக்கு வேற ஒண்ணு வேணும். தாலி கட்டற நேரத்துல எங்கம்மா இருக்கற படம். தூரத்துல நின்னாலும் பரவால்ல."

அக்கா படத்தைப் போனில் காட்டினேன். கல்யாணத்தன்று கட்டியிருந்தது அரக்கு நிறச் சேலை. ஷர்மிளா அந்தச் சேலையைத் தேட ஆரம்பித்தாள். முன்வரிசையில் இல்லை. பந்தி பக்கம் இல்லை. கூட்டத்தில், ஓரத்தில், குடைகளுக்கு நடுவில்... எங்கும் இல்லை. அவளும் சலிக்கவில்லை. முன்பு ஒதுக்கிய படங்களையெல்லாம் மறுபடி திறந்து, பெரிதாக்கி, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள்.

திடீரென்று ஷர்மிளாவின் கை நின்றது.

"அங்கிள்... இவங்கள நான்தான் அழிச்சிட்டேன்."

"என்னம்மா சொல்றே?"

"தாலி கட்டற படத்துல. பின்னாடி யாரோ ஆளு கம்பு புடிச்சிக்கிட்டு நின்னாங்க. கெமா போட வந்தவங்கன்னு நெனச்சேன். படம் கெட்டுப் போவுதேன்னு தொடச்சி எடுத்துட்டேன்."

நல்லவேளை, மூலப் படம் பத்திரமாக இருந்தது. திறந்தாள்.

மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுகிறார். மாலினி தலை கவிழ்ந்திருக்கிறாள். அவள் தலைக்கு மேலே கூடாரத்துக் கித்தான் மழைத் தண்ணீரைத் தாங்க முடியாமல், பை மாதிரித் தொங்குகிறது. இன்னும் கொஞ்சம் தொங்கினால் தாலி, தம்பதி, ஐயர், அக்கினி எல்லாம் தண்ணீரில். அவர்களுக்குப் பின்னால், கை நீட்டினால் மகளைத் தொடும் தூரத்தில், லெட்சுமி அக்கா. அரக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயில் ஒட்டடைக் கம்பால் அந்தக் கித்தானை மேலே தள்ளிப் பிடித்தபடி நிற்கிறார். தண்ணீர் பின்பக்கமாக வழிந்து அவர் தோளிலேயே கொட்டுகிறது. பார்வை மகள் மேல் இல்லை, மாப்பிள்ளை மேல் இல்லை. கித்தான் மேல்!

நாங்கள் எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தோம். ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"பின்னாடியேதான் நின்னிருக்கு," என்றாள் மாலினி. ஷர்மிளா டிஷ்யூ பெட்டியை எடுத்து அவளிடம் நகர்த்தினாள். எனக்கும் ஒன்று தேவைப்பட்டது.

கல்யாணங்களில் கேமராவுக்கு நேராக நிற்பவர்கள் எல்லாம் என்னைப் போல வேலை இல்லாதவர்கள்தான் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினோம். அக்கா மகிழ்ந்து போவார் என்றுதானே நினைப்பீர்கள்? பதறிப்போனார்!

"இத ஏன்டி தோண்டி எடுத்தீங்க? கல்யாணத்துல கெமா ஒழுகிச்சுன்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும் லா! அந்தப் புள்ள அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டும்."

"அப்ப இதுக்குத்தான் எங்கிட்டகூடச் சொல்லலியா?"

"சொன்னா நீ மேல பாப்பே. தாலி கட்டறப்ப பொண்ணு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? தண்ணி வடிஞ்சதும் கம்ப வெக்கப் போயிட்டேன், அப்பத்தான் நீ திரும்பியிருப்பே."

மாலினி விடவில்லை. அக்காவும் விடவில்லை. கடைசியில் அக்கா ஷர்மிளாவுக்கே போன் போட்டு ஒரு சமரசம் பேசிப் பார்த்தார். "நான் இருந்துட்டுப் போறேம்மா. அந்தக் கெமாவ மட்டும் வெட்டிரு."

"வெட்டிரலாம் ஆன்ட்டி," என்றாள் ஷர்மிளா. "ஆனா அப்புறம் நீங்க மாப்பிள்ளைய அடிக்கக் கம்பு ஓங்கற மாதிரி இருக்குமே!"

அக்காவே சிரித்துவிட்டார். படம் முழுசாக, இரண்டு பக்கம் நிறைய, ஆல்பத்தில் ஏறியது. "மேல என்ன எழுதலாம் ஆன்ட்டி?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் எழுத வேணாம்," என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் ஆல்பம் வந்தது. விரித்தால் இடையில் பிளவே தெரியாத தடித்த பக்கங்கள். தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதைப் பார்க்க ரிங்லெட்டிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். அந்தப் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அக்கா அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

"சம்பந்தி, இது நீங்களா?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார்.

"இப்புடித் தனியா நின்னு புடிச்சீங்களே... எங்கள ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா இன்னொரு கம்பு புடிச்சிருப்போம்ல?" என்றவர், தன் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "வாங்க, பக்கத்துல உக்காருங்க. சேந்து பாப்போம்."

அக்கா வந்து உட்கார்ந்தார். அன்றுதான் முதல் தடவையாக என் அக்கா அந்தக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார் என்று நான் சொல்வேன்.

சரோஜா அக்காவின் படமும் ஆல்பத்தில் இருக்கிறது... ஓரமாக, சின்னதாக. வழியில் பார்த்தபோது, "மாலினி மேல உங்களுக்கு அவ்வளவு பாசமா அக்கா, அப்படி அழுதீங்களே!" என்றேன்.

"நானா? அழுதேனா? ஐயர் மூட்டுன பொக லா தம்பி... நேரா எம் மூஞ்சிக்கே வந்துச்சு!"