கோமுகி அணையில் ஒரு சால்மன்காரர்

அடுத்தவர் தூண்டிலை நம்பி, வீட்டில் மீன் குழம்புக்கு மசாலா அரைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிய முட்டாள் நான்தான். எங்கள் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போன மச்சான், பல வருடம் கழித்து அன்றுதான் சாப்பிட வந்திருந்தார். கோமுகி அணையில் ஒருவர் பெரிய மீனாகப் பிடிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பையோடு போனேன்.

நார்வேயிலிருந்து லீவில் வந்தவராம். சித்திரை வெயிலில், மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொண்டார்.

"காஞ்ச கை பட்டா மீனுக்கு எரியும்ங்க. அங்கல்லாம் ஒரு சால்மன் மீனுக்காக ஐஸ் தண்ணியில நாள் பூரா நின்னுகினு இருப்பேன்."

"இன்னா கொழம்பு வெப்பீங்க?"

"கொழம்பா? வுட்டுடுவேங்க."

"வுட்றதுக்கா புடிக்கிறீங்க?"

"புடிச்சாத்தான வுட முடியும்?"

இவர் விட்டால் என்ன, நான் விடாமலிருந்தால் போதும் என்று காத்திருந்தேன். முழங்கை நீளத்துக்கு ஒரு கட்லா மாட்டியது. என் கையையும் நனைக்கச் சொல்லி, அதை என்னிடமே கொடுத்தார்.

"தண்ணிக்குள்ளயே புடிச்சிக்கினு இருங்க. அதுவா துள்ளும். அப்ப வுட்டுடுங்க."

துள்ளியது. விட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் ஈரக்கையால் என் கையைக் குலுக்கினார்.

மச்சானுக்கு அன்று மீன் மசாலாவில் முட்டைக் குழம்பு. அவர் போனபின் மனைவி கேட்டாள்:

"அந்தாளு கிறுக்கனாவே இருக்கட்டும். மீனு உங்க கையிலதான இருந்துச்சி? தூக்கிக்கினு ஓடியாறதுக்கு உங்களுக்குக் காலு இல்லியா?"