கிரேனில் ஏறிய கச்சாயம்

கனகாவைப் பாராட்டி அவள் வாழ்வில் ஒரே ஒருவர்தான் "ஆஹா" சொல்லியிருக்கிறார். அவரும் ஓர் அரசியல்வாதி.

போன வருஷம் மேட்டகள்ளியில் அவள் தெருக் குழாய் உடைந்தபோது, பார்வையிட வந்தார் முன்னாள் கவுன்சிலர் கெம்பையா. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அரிசிமாவையும் வெல்லப்பாகையும் பிசைந்து, எண்ணெயில் பொன்னிறமாகச் சுட்டெடுத்த கச்சாயம் ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினாள். ஒரு கடி கடித்தவர் கண்களை மூடினார். "ஆஹா! இதுக்காக நான் உயிரையே கொடுப்பேன்" என்று கன்னடத்தில் உருகினார். குழாயை அப்படியே மறந்துவிட்டுப் போனார்.

கனகா அழுதாள். அந்தக் கண்ணீருக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அவள் கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு, நாத்தனார் மாதம்மா அவள் சுட்ட கச்சாயத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, "ஏபுள்ள, இது திங்கறதுக்கா, செருப்புத் தைக்கறதுக்கா?" என்று பந்தியில் கேட்டிருந்தாள். கணவன் ஊரான ஹனூரே சிரித்தது. அந்தச் சிரிப்பு கனகாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

எனவே கெம்பையா கிளம்பிய கையோடு ஹனூரிலிருந்த நாத்தனாருக்குப் போன் போட்டாள். "நங்கையா, எங்க தலைவரு என்ற கச்சாயத்தத்தான் திம்பாருங்க." அடுத்த மாதம் அது, "கச்சாயம் இல்லாம அவருக்குத் தூக்கமே வராதுங்க" என்று வளர்ந்தது. அதற்கடுத்த மாதம், "அவரு பொறந்தநாளுக்கு என்ற கையாலதான் ஊட்டணுமாமுங்க" என்று முற்றியது.

"அப்படியா புள்ள? பொறந்தநாளைக்கு நானே வந்து பாத்துப்போடறேன்" என்றாள் மாதம்மா. சொன்னபடி பஸ் ஏறியும் வந்துவிட்டாள்.

விதி எவ்வளவு கொடியது! அந்த வாரம்தான் கெம்பையாவுக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனிப்பு ஒரு துளி அவர் நாக்கில் பட்டாலும் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாக அவர் மனைவி நாகலக்ஷ்மி சாமுண்டி மேல் ஆணையிட்டிருந்தார். கனகா கொண்டுபோன தூக்குப்போசி வாசலிலிருந்தே திரும்பிவந்தது.

"நங்கையா முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?" என்று கணவன் சீனுவின் தோளில் சாய்ந்தாள்.

சீனு கிரேன் ஓட்டுபவன். தலைவரின் பிறந்தநாள் என்றால் ஆப்பிள் மாலையைக் கிரேனில் தூக்கி அவர் தோளில் இறக்குவது அவன் வேலை. மாலை தோளைத் தொட்டதும் கூட்டம் பாய்ந்து பழங்களைப் பிய்த்துக்கொண்டு போகும். அதுதான் இங்கே வழக்கம்.

"தின்னத்தான கூடாதுன்னாங்க? மாலை போடக் கூடாதுன்னு சொல்லலையே" என்றான் சீனு. "ஆப்பிளுக்குப் பதிலா கச்சாயத்தக் கோத்துரு."

கனகா வடைபோல நடுவில் ஓட்டை போட்டுச் சுட்டுத் தள்ளினாள். நைலான் கயிற்றில் கோத்ததும், மலைப்பாம்பு ஒன்று நெய்யில் குளித்துவிட்டு வந்ததுபோல் மினுமினுத்தது மாலை.

விழா மேடையில் கேக்குக்குப் பதிலாக வெள்ளரிக்காயை அடுக்கி, உச்சியில் மெழுகுவர்த்தி சொருகியிருந்தார் நாகலக்ஷ்மி. கெம்பையா அதை வெட்டியபோது அவர் கண் கலங்கியதை எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள். பிறகு மேடையிலிருந்து கீழே இறங்கிக் கிரேனுக்கு அடியில் வந்து நின்றார். மாலை வானத்திலிருந்து மெல்ல இறங்கியது. அதன் வாசனை அதற்கு முன்பே இறங்கிவிட்டது.

"எங்க ஊட்டறே? இது கழுத்துல போடறதாச்சே?" என்று கனகாவின் விலாவில் இடித்தாள் மாதம்மா.

மாலை தோளைத் தொட்டது. கூட்டம் பாய்ந்தது. நாகலக்ஷ்மி ஒருபக்கம் தள்ளப்பட்டார். தலைவரைக் காணோம். கனகா கூட்டத்துக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். மாலைக்கு அடியில் குந்தியபடி, கைகள் இரண்டையும் கட்டிக்கொண்டு, கன்றுக்குட்டி மடியை முட்டுவதுபோல், தொங்கிய கச்சாயத்தை வாயாலேயே கவ்வி இழுத்துக்கொண்டிருந்தார் கெம்பையா! இருவர் கண்களும் சந்தித்தன. "காட்டிக்கொடுத்துவிடாதே தாயே" என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

கூட்டம் விலகியது. கெம்பையா எழுந்து நின்றார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. நாகலக்ஷ்மி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கனகாவிடம் வந்து நின்றார்.

"நீ பக்கத்துலதானே இருந்தே? சொல்லு, சாப்பிட்டாரா?"

ஒருபக்கம் ஒரு குடும்பத்தின் நிம்மதி. மறுபக்கம் மாதம்மா, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வருஷக்கணக்கான அவமானம் துடைக்கப்பட்டுவிடும். கனகா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க அக்கா. ஒரு துணுக்குக்கூட அவரு வாய்க்குப் போகலீங்க."

"அப்படிச் சொல்லு!" என்று கைதட்டினாள் மாதம்மா. "அவரு தின்னவே இல்லையாமா! போன்ல என்னமோ அளந்தியே புள்ள? ஊருக்குப் போய்ச் சொல்றேன் இரு!"

கனகா தலைகுனிந்தாள். தியாகம் என்றால் அதுவல்லவா தியாகம்!

அந்த நேரத்தில் ஒரு தொண்டர் ஓடிவந்து, "அண்ணா, ரெண்டு வார்த்தை!" என்று மைக்கைத் தலைவரின் வாயருகே நீட்டிவிட்டார்.

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே குரலில் முழங்கின.

"சவக்... சவக்... சவக்..."

கெம்பையா நிறுத்தத்தான் பார்த்தார். கச்சாயம் நிறுத்த விடவில்லை. பிறகு "களுக்" என்று விழுங்கும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

நாகலக்ஷ்மி கணவரின் காதைப் பிடித்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகிற போக்கில் அவர் சட்டையில் ஒட்டியிருந்த துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அப்புறம் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

மாதம்மா அண்ணாந்து ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பு, கயிற்றில் மிஞ்சித் தொங்கிய ஒன்றைப் பிய்த்து மென்றாள்.

"வெல்லம் ஒரு பிடி கம்மி" என்றாள் மாதம்மா. இன்னொரு கடி கடித்தாள். "பாகு ஏதோ தேவலாம்." முழுசும் தீர்ந்தது. "ஏபுள்ள, ஊர்ல நாலு பேரு கேப்பாங்க. கொண்டுபோறதுக்கு ஊட்ல இன்னும் இருக்குதா?"

கனகாவின் கண்கள் குளமாயின.

"மாவு இருக்குதுங்க நங்கையா. வாங்க, சுட்டுத் தாறேன்."